வல்லாரைத் தயிரில் மாட்டிய மாப்பிள்ளை

கூழைக்குளத்துப் பொன்னுரங்கத்துக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம், பெண் வீட்டில். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று, நாளும் குறித்தாயிற்று. பெண் எந்த ஊர் என்பதுதான் மறந்துவிட்டது. கூடப் போன அண்ணன்மார் இரண்டு பேருக்கும் அங்கே தின்ற பணியாரம் மட்டுமே ஞாபகம் இருந்தது.

வைத்தியரிடம் போனார்கள். "வல்லாரையை அரைச்சுச் சாறு பிழிஞ்சு, காய்ச்சின பாலில கலந்து, கை பொறுக்கிற சூட்டில உறை ஊத்துங்க. உறையிற வரைக்கும் அசைக்கக் கூடாது. சாப்பிட்டா ஞாபகம் வரும்" என்றார்.

பெரிய அண்ணன் சிங்காரம் கொல்லுப்பட்டறைக்காரர். பொங்குகிற பாலில் விரலை விட்டு, "பொறுக்குது" என்றார். உறை ஊற்றினார்கள். பால் திரிந்து போயிற்று.

ஒரு நாள் முழுக்க யோசித்தார்கள். சாப்பிடுகிறவன் கையல்லவா பொறுக்க வேண்டும் என்று சின்ன அண்ணன் அய்யாக்கண்ணு கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேறு பால் காய்ச்சிச் சாறு கலந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பானைக்குள் விட்டார்கள். முதலில் அலறினான், பிறகு முனகினான். முனகலும் நின்றதும் அய்யாக்கண்ணு உறையை ஊற்றிவிட்டார்.

"கையை எடுக்கட்டுமாண்ணே?"

"எடுத்தா அசையும்டா."

"மூக்கு அரிக்குதே."

இதை இருவரும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "மூக்கை நீ அசைக்கலாம். வைத்தியர் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார் சிங்காரம்.

வெயில் ஏறியது. முகூர்த்தம் நெருங்கியும் மாப்பிள்ளையைக் காணோமே என்று பெண்ணின் அப்பா மாசிலாமணி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். பெண் மணையில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை பானையில் கைவிட்டு உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னார்கள்.

"அட, இதுக்குத்தானா? நம்ம ஊரு..."

சிங்காரம் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். "சொல்லிடாதீங்க மாமா. சொன்னா இவ்வளவு தயிரும் வீணாப் போயிடும்."

மாசிலாமணி எதையும் வீணாக்காத குடும்பத்தில் பிறந்தவர். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, உறைந்ததும் சாப்பிட்டுவிட்டு நேரே மணவறைக்கு வந்துவிடச் சொல்லிக் கிளம்பினார்.

தெருமுனை வரை போனவர் அங்கேயே நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். மெல்லத் திரும்பி வந்தார்.

"மாப்பிள்ளே, எனக்கும் ரெண்டு கரண்டி எடுத்து வையுங்க. வந்த அவசரத்துல வழியைக் கவனிக்கல."

அண்ணன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிடுகிறவர் கை பொறுக்க வேண்டுமே.

அய்யாக்கண்ணு அவருடைய சட்டைக் கையைப் பதமாக மடித்துவிட்டார்.

"அசைக்காம விடுங்க, மாமா."