மூக்கடைப்பும் நான்கு சொற்களும்

ஆற்றங்கரைக் குருகுலத்தில் தவமணி அம்மையாரிடம் எழுத்தும் சொல்லும் கற்க வந்தவர்களில் கோமதிநாயகம்தான் வயதில் மூத்தவர். ஐம்பது வயது வரை பரிசல் ஓட்டியவர். அம்மையாருக்கு முப்பத்தைந்துதான்.

அங்கே ஆண்டுக்கொரு சோதனை. சில சொற்களைத் தருவார்கள். அவற்றுள் சேராத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று முறை தவறினால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். நாயகம் இரண்டு முறை தவறியிருந்தார். மூன்றாவது சோதனையன்று பார்த்து அவருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது.

அம்மையார் பலகையில் எழுதினார்: மனம், மணம், மரம், ஞானம்.

“ஞானம்!” என்றான் சேந்தன். “அது மட்டும் மகரத்தில் தொடங்கவில்லை.”

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அம்மையார் சரியென்று தலையசைத்தார்.

நாயகம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் விடை?”

“பரப்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் எழுந்து போய் ‘மரம்’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினார்.

“ஞானம் என்றாலே தப்பித்திருப்பீர்களே, ஐயா!” என்றான் சேந்தன்.

“ஏன் மரம்?” என்று கேட்டார் அம்மையார்.

நாயகம் திணறித் திணறிச் சொன்னார். “மூக்கு அடைத்திருக்கிறது, அம்மா. மற்ற மூன்றிலும் ஓர் எழுத்துகூட ஒழுங்காக வரவில்லை. இதில் மட்டும் நடுவில் ஒன்று தப்பி வந்துவிடுகிறது. அது தெரிந்தபிறகு வேறொன்றைச் சொல்ல வாய் வரவில்லை.”

அம்மையார் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். அத்தனை சீடர்களுக்கு முன்னால் தம் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். மனம் என்றார், அடைத்தது. மணம், அடைத்தது. ஞானம், அதுவும் அடைத்தது. மரம் என்றபோது ரகரம் மட்டும் தெளிவாக உருண்டு வந்தது.

“மற்றதெல்லாம் மூக்கொலியான மெல்லினம்,” என்றார் மெதுவாக. “ரகரம் ஒன்றுதான் இடையினம்.”

மூக்கை விடாமல் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. இப்படி ஒருவரிடம் படிக்கக் கிடைத்ததே என்று நாயகத்துக்குக் கண் கலங்கியது.

“உங்கள் இடத்தில் போய் உட்காருங்கள், நாயகம். நீங்கள் எங்கும் போக வேண்டாம்.”

சேந்தன் எழுந்தான். “அப்படியானால் எங்கள் விடை தவறா, அம்மா?”

“தவறில்லை, சேந்தா. பிறந்ததிலிருந்து நானும் இந்தச் சொற்களைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்குத்தான் அவற்றைக் காதால் கேட்டேன்.”