பயந்த பிள்ளையும் ஒரு பெயர்ப் பட்டியலும்

கிறிஸ்தவ சபையின் கமிட்டித் தலைவர் மாசில்லாமணி வாயைத் திறந்தால் தெருவே அதிரும். பக்கத்துப் பள்ளிவாசலைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒருநாள், கோயில் மணி அடிக்கிற வேதமுத்துவைக் கூப்பிட்டார்.

“பிள்ளை பயந்து அழுதா, நம்ம சனமே தூக்கிட்டுப் போய்ப் பள்ளிவாசல் முன்னால நிக்குதாமே? தொழுதுட்டு வர்ற பாய்மாரை ஓதி ஊதச் சொல்லுதாமே? யார் யாருன்னு எழுதிட்டு வா. ஞாயித்துக்கிழமை மைக்குல வாசிச்சு மானத்தை வாங்குறேன். பட்டியல் வரலைன்னா உன் வேலை போச்சு!”

ஊரைக் காட்டிக்கொடுப்பதா, வேலையை விடுவதா? வேதமுத்து தலையைச் சொறிந்தான். அந்தியில் பள்ளிவாசல் பக்கம் போனவன், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவன் நீட்டிய தாளைத் தலைவர் மைக் முன்னால்தான் பிரித்தார். கம்பீரமாக வாசித்தார்: “பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தவர், கிருபாவதி மாசில்லா...”

அவர் சம்சாரம்! பட்டியலில் வேறு பெயரே இல்லை. சபை கொல்லென்று சிரித்தது.

“என் பேரன் எதைக் கண்டுடா பயந்தான்?” என்று மைக்கிலேயே கத்தினார்.

வேதமுத்து பவ்வியமாகக் கைகட்டி நின்றான்.

“இப்பப் போட்டீங்களே, இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்யா.”