ஒரு கை பாக்கி

சாகக் கிடந்த அண்ணனைப் பார்க்கப் புறப்பட்டார் வேதமூர்த்தி. அப்பாவின் பாடையருகே அறுந்த பேச்சு. இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. இப்போது அண்ணனே ஆள் அனுப்பியிருந்தார்: தம்பி வரட்டும்.

"வெறுங்கையோட எப்படிம்மா போறது?" என்று குருவிடம் கேட்டார்.

குரு செங்கமலத்தம்மாள் அவரைவிட இளையவர். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

வேதமூர்த்தி உள்ளே ஓடி, முக்கால்வாசி பின்னிய ஸ்வெட்டரை ஊசிகளோடு எடுத்து வந்தார். எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது பழகிய பின்னல்.

"ஊட்டி ஆஸ்பத்திரியில குளிர் ஆளைத் தின்னுரும். போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சிருவேன்."

மலை ரயிலில் எதிரே ஒரு கல்யாணக் கும்பல். ஆம்பளை பின்னுவதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

"மாப்பிள்ளைக்கும் ஒண்ணு போடுங்க பெரியப்பா! பொண்ணுக்குச் சுடுதண்ணி வைக்கவே தெரியாது."

"இது யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு."

"குடுத்து வச்ச மனுஷன்!"

வேதமூர்த்திக்கு முகம் மலர்ந்தது. பேச்சு வளர்ந்தது. பின்னலில் கண்ணி தவறியது. பிரித்தார். மறுபடி பின்னினார்.

குன்னூரில் கும்பல் இறங்கியது. அவரையும் விடவில்லை.

"ஒரு கைதாம்மா பாக்கி," என்றார் குருவிடம். "கல்யாண வீட்டுல உக்காந்து முடிச்சிட்டுக் காலையில போயிரலாம். அடுத்த வண்டி இருக்குல்ல?"

"வண்டி இருக்கும்," என்றார் குரு.

கல்யாண வீட்டில் ஆளாளுக்கு ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆளாளுக்கு அண்ணனின் அதிர்ஷ்டத்தைப் பேசினார்கள். பின்னல் முழங்கையைத் தாண்டவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அண்ணனின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"தம்பியா நீங்க?" என்றாள் ஆயா. "விடியறப்ப போயிட்டாருங்க. யாரு உள்ள வந்தாலும் 'தம்பியா? கையைக் குடுடா'ன்னு நீட்டுவாரு. கடைசியில நான்தான் புடிச்சிக்கிட்டேன்."

வேதமூர்த்தி போர்வையை விலக்கினார். அண்ணனின் வலது கை விரல் விரிந்து விறைத்துக் கிடந்தது. ஸ்வெட்டரை மார்பின்மேல் பரப்பினார். ஊசி இன்னும் நூலிலேயே தொங்கியது.

"ஒரு கைதாம்மா குறைஞ்சு போச்சு."

"அவரும் ஒரு கைதான் கேட்டார்," என்றார் குரு.