கரைகாத்த நாதர் ஏறிய தோணி

வெண்கழியூரில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாயில் நாளெல்லாம் வெந்துகொண்டிருந்தவர் மூக்கனார். கை முழுதும் சுண்ணாம்புப் புண். அந்தக் கையோடுதான் விடியும் முன்பே போய்க் கரைகாத்த நாதர் கோயில் மதிலுக்கு வெள்ளை பூசுவார். கூலியாகக் கோயிலில் கிடைப்பது ஒரு கட்டிச் சோறு. "நாதர் போட்ட சோறு" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உண்பார். "மதிலைத் தேய்ச்சே கைலாசம் போயிருவான் பாரு" என்று சிரிக்காத வாய் அவ்வூரில் இல்லை. சிரிக்கட்டுமே! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவ்வூரில் ஒரு வழக்கம் இருந்தது. கோயில் சோற்றில் ஒரு கவளம் உண்டவர் நாதரின் விருந்தாளி. அரசனே வந்தாலும் அவர்மேல் கை வைக்கக் கூடாது. அதைச் சொல்லிக்கொள்வதில்தான் ஊருக்கு எத்தனை பெருமை!

ஓர் ஐப்பசியில் கடலுக்கு அப்பால் போர் மூண்டது. பூதி என்னும் பெண் கைக்குழந்தையோடும் கண் தெரியாத தந்தையோடும் ஓட்டைத் தோணியில் வந்து இறங்கினாள். வாசல் வாசலாகக் கும்பிட்டாள். கதவுகள் சாத்திக்கொண்டன.

"பகைநாட்டுச் சனம். இன்னைக்கு மூணு பேரு, நாளைக்கு முந்நூறு பேரு வருவான்" என்றார்கள். அந்தப் பயமும் பொய்யில்லை. அவ்வாண்டு மழை தவறியிருந்தது. ஆனால் பசித்த பிள்ளைக்கு அந்த நியாயமெல்லாம் புரியுமா?

மூக்கனார் தம் கட்டிச் சோற்றைப் பூதிக்கும் அவள் தந்தைக்கும் பகிர்ந்தார். குழந்தையின் நாவிலும் இரண்டு பருக்கை வைத்தார். காளவாயை ஒட்டியிருந்த தம் குடிசையிலேயே அவர்களை இருத்தினார்.

மறுநாள் ஊர்த்தலைவர் மாராயர் ஆட்களோடு தேடி வந்தார். புகை மண்டும் காளவாய்ப் பக்கம் அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கனார் வாய் திறவாமல் இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள். வெள்ளந்தி மனிதர், வழக்கத்தை நம்பினார்.

"என் குடிசையிலதான் இருக்காங்க ஐயா. நாதர் சோத்தைத் தின்னுட்டாங்க. இனி அவங்களுக்குப் பயமில்லை" என்று முகம் மலர்ந்து அவரே சொன்னார்.

மாராயர் சற்றுத் தலைகுனிந்தார். பிறகு, "அந்த வழக்கமெல்லாம் நம்ம சனத்துக்குடா, மூக்கா" என்றார்.

ஐயோ, அதைச் சொல்ல அவருக்கு எப்படி நா வந்தது! மூவரையும் கரைக்கு இழுத்துச் சென்று, அதே ஓட்டைத் தோணியில் ஏற்றினார்கள். திரும்பி வந்துவிடக் கூடாதென்று துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். மூக்கனார் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து கதறினார்.

"ரொம்பத்தான் துடிக்கிறே. நீயும் கூடப் போயேன்" என்று ஒருவன் எகத்தாளம் பேசினான்.

மூக்கனார் எழுந்தார். இடுப்பளவு நீரில் இறங்கிப் போய்த் தோணியில் ஏறிக்கொண்டார்.

கரை மறைந்தது. தோணிக்குள் நீர் ஊறியது. இரு கையாலும் அள்ளி இறைத்தார். இறைக்க இறைக்க ஏறியது. குழந்தை அழுவதையும் நிறுத்திவிட்டது.

"நீங்க ஏன் ஐயா ஏறினீங்க?" என்று பூதி கேட்டாள்.

"காட்டிக் குடுத்த பாவி நான்தானே, தாயி" என்று தேம்பினார். "உன் சோத்தை நம்பித்தானே சொன்னேன், அப்பா!" என்று நாதரிடம் முறையிட்டார். நொந்தாரே தவிர, நீர் இறைப்பதையும் விடவில்லை, அவன் நாமத்தையும் விடவில்லை.

அப்போது தோணியின் மறுமுனையில் ஒருவர் குனிந்து நீர் இறைப்பதைக் கண்டார். நீறணிந்த நெற்றி, நனைந்த சடை.

"யாரய்யா நீர்?"

"அந்த ஊர்க்காரன்தான். என் சோத்தைத் தின்னவங்களுக்கு அங்க இடமில்லைன்னா, எனக்கு மட்டும் என்ன இடம்? நகரு மூக்கா, நீ களைச்சுப் போயிட்டே."

மூக்கனார் கைகூப்பவும் மறந்து விம்மினார்.

அத்தோணி கரை சேர்ந்ததா என்று சொல்வார் எவருமில்லை. வெண்கழியூரில் வேளை தவறாமல் மணி அடிக்கிறார்கள், தீபம் காட்டுகிறார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று கேட்பவர்தாம் இல்லை. இறைவனும் அகதியாய் உடன் ஏறும்படி அன்பு செய்த மூக்கனாரின் புண்பட்ட கைகளை வணங்குவோம்.