கண்ணாடிமேல உதிச்ச சூரியன்

ஒரு ஊர்ல ஒரு மியூசியம் இருந்துச்சாம். பெரிய மியூசியமான்னு கேக்காதே, அதெல்லாம் இல்ல. மூக்கு உடைஞ்ச சிலை பத்து, ஒரு திமிங்கல எலும்பு, என்னைக்குமே சுடாத பீரங்கி ஒண்ணு, அவ்வளவுதான். அதைப் பாக்கன்னு ஒரு ஈ காக்கா வராது. மழை பெஞ்சா மட்டும் ஒதுங்குறதுக்கு வருவாங்க. எங்க, ம் சொல்லு. நீ சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்..."

ஆங். அந்த மியூசியத்துல தங்கபுஷ்பம், தங்கபுஷ்பம்னு ஒருத்தி. கூட்டுறதும் அவதான், துடைக்கிறதும் அவதான், யாராச்சும் சிலை மேல சாஞ்சா "ஏய், யாரது!"ன்னு அதட்டுறதும் அவதான். பதினோரு வருஷமா அதே வேலை. ஆனா பாவம், டெம்பரவரி. என்னைக்கு வேணா "நாளையிலேருந்து வராதே"ன்னு சொல்லிடலாம். ராத்திரி படுத்தா அவளுக்கு அந்தக் கவலைதான் முதல்ல வரும், தூக்கம் அப்புறம்தான் வரும்.

அப்புறம் ஒரு நாள் மியூசியத்துப் பெரிய ஆபீசர் ஞானதிரவியம் சார் அவளைக் கூப்பிட்டார். மனுஷன் நல்லவர்தான், ஆனா எல்லாம் தெரிஞ்சவர். எல்லாம் தெரிஞ்சவங்களோட வேலை பாக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கு இப்போ புரியாது.

"தங்கபுஷ்பம், ஜப்பான்லேருந்து சாமான் வருது. படம், எழுத்து, கிண்ணம், பெட்டி, எல்லாம் முன்னூறு வருஷத்துப் பழசு. இந்தக் கண்காட்சி மட்டும் ஒரு குறையும் இல்லாம திறக்கட்டும், அன்னிக்கே கலெக்டரம்மாகிட்ட கையெழுத்து வாங்கி உன்னைப் பெர்மனன்ட் பண்ணிடறேன். ஏதாவது குளறுபடி ஆச்சோ..."

ஆச்சோன்னா என்னன்னு அவர் சொல்லல. அவளும் கேக்கல.

அப்போ லாரி வந்துச்சு, கடகடகடன்னு. பெட்டி பெட்டியா இறங்குச்சு. கூடவே ஒரு ஜப்பான்கார அம்மா இறங்கினாங்க. பேரு ஹனாயோ. அந்தச் சாமானை எல்லாம் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிறதுதான் அவங்க வேலை. அவங்களுக்குத் தமிழ் தெரியும்! எப்படித் தெரியும்னா, புஸ்தகத்தைப் பாத்துக் கத்துக்கிட்ட தமிழ். நம்ம பேசுற மாதிரி வராது, மேடையில ஏறினவங்க மாதிரி வரும்.

"வணக்கம் அம்மையீர். இவை தொன்மையானவை. இவற்றின்மீது ஒரு சிறு மாசு காணினும், திறப்பு விழா நிகழாது. அனைத்தும் பேழைகளில் திரும்பிச் செல்லும்."

தங்கபுஷ்பத்துக்குப் பாதி புரியல. 'திரும்பிச் செல்லும்' மட்டும் நல்லாப் புரிஞ்சுது.

அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வச்சாங்க. ஆறு மடிப்பா, வளைஞ்சு வளைஞ்சே நிக்க வேண்டிய ஒரு பெரிய திரை, அதுல தங்க ரேக்கு ஒட்டினது. ஞானதிரவியம் சார் அதைப் பிடிச்சு காலண்டர் மாதிரி சுவத்தோட நீட்டப் பாத்தார். ஹனாயோ அம்மா 'ஹா!'ன்னு ஒரு மூச்சு இழுத்தாங்க பாரு, சார் கையை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். அப்புறம் ஒரே இழுப்புல 'சர்ர்ர்'னு எழுதின ஒரு எழுத்து. ஒரு கோணக் கிண்ணம். அதைப் பாத்துட்டு, 'ஐயோ, வர்ற வழியில நசுங்கிடுச்சு போல'ன்னு தங்கபுஷ்பம் வருத்தப்பட்டா. நசுங்கல, செஞ்சதே அப்படித்தானாம்.

எல்லாத்தையும் விடப் பெருமை ஒரு படத்துக்குத்தான். நீளமாத் தொங்குற பட்டுத் துணி. கீழ நாணல், அதுக்கு மேல மூணு கொக்கு பறக்குது. மிச்சமெல்லாம் காலி, ஒண்ணுமே வரையல. அதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி வச்சாங்க. கண்ணாடி இருக்குதுன்னே தெரியாது, அவ்வளவு சுத்தம். அதுக்கு முன்னாடி ஒரு கயிறு. ஸ்விட்சைப் போட்டுட்டா, கயித்தைத் தாண்டி ஒரு விரல் நீட்டினாக்கூட 'கீஈஈங்'னு மணி அடிக்கும். தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

சரி. திறப்பு விழா என்னைக்குன்னா, ஆபீஸ்ல ஆயுத பூஜை கொண்டாடுற நாள். அங்கதான் வந்துச்சு வினை. பதினோரு வருஷமா அந்த மியூசியத்துல பொட்டு வைக்கிறது யாரு? தங்கபுஷ்பம்தான். விடியக்காலையில சந்தனத்தைக் குழைச்சு, குங்குமத்தை எடுத்துக்கிட்டு, பீரங்கிக்கு ஒண்ணு, ஏணிக்கு ஒண்ணு, தீயணைக்கிற சிவப்பு உருளைக்கு ஒண்ணு, திமிங்கலத்துக்கு ரெண்டு. ஒரு வருஷம் தண்ணி மோட்டாரை மறந்துட்டா. அந்த வாரமே புஸ்ஸுன்னு புகைஞ்சு போச்சு. அதுலேருந்து ஒண்ணையும் விடமாட்டா.

சார் முதல் நாளே சொல்லிட்டார்: "சந்தனக் கிண்ணத்தோட ஜப்பான் ஹால் பக்கம் தலை வச்சுப் படுக்காதே!"

அவளும் போகக்கூடாதுன்னுதான் நினைச்சா. ஆனா ஹால் வாசல்ல வந்ததும் கால் நின்னு போச்சு. 'நம்ம வீட்டுப் பீரங்கிக்கெல்லாம் பொட்டு வச்சாச்சு. கடல் தாண்டி வந்த விருந்தாளி மட்டும் மூளி நெத்தியோட நிக்கிறதா? நல்லா இருக்கா?' உள்ள போனா. பொருள் எதையும் தொடல. கொக்குப் படத்துக்கு முன்னாடி இருந்த கண்ணாடியில மட்டும், பொத்துன்னு ஒரே ஒரு பொட்டு. சந்தனத்து மேல குங்குமம். ரெண்டு கையையும் கூப்பி, "கொக்கம்மா, எல்லாரையும் நல்லா வை"ன்னு கும்பிட்டா.

ரெண்டடி பின்னால வந்து பாத்தா, ஐயையோ! பொட்டு நட்ட நடுவுல, கொக்குங்களுக்கு மேல ஆகாசத்துல நிக்குது. ஓரமா வச்சிருக்கக் கூடாதா? முந்தானையால துடைக்கப் போனா. அப்போ பாத்து 'டக் டக் டக்'னு செருப்புச் சத்தம். ஹனாயோ அம்மா! இவ நழுவி இந்தக் கதவு வழியா வெளிய வந்தா, அவங்க அந்தக் கதவு வழியா வந்து 'டிக்'னு ஸ்விட்சைப் போட்டாங்க.

பொட்டு கயித்துக்கு அந்தப் பக்கம். தங்கபுஷ்பம் இந்தப் பக்கம். பதினோரு மணிக்குக் கலெக்டரம்மா வர்றாங்க.

முதல்ல என்ன பண்ணா? ஒட்டடைக் குச்சியில ஈரத்துணியைக் கட்டி, தூர நின்னு நீட்டினா. 'கீஈஈங்!' சார் ஓடி வந்தார்.

"என்ன இது?"

"ஒட்டடை சார்."

"நேத்துத்தானே அடிச்சே?"

"சிலந்தி நேத்தோட நிறுத்தல சார்."

அப்புறம் ரெண்டாவது என்ன பண்ணா? கயிறு மேலதானே இருக்கு, கீழ புகுந்து போயிடலாம்னு தரையில குப்புறப் படுத்து ஊர்ந்தா. சர சர சர. தலை உள்ள போச்சோ இல்லையோ, 'கீஈஈங்!' இப்போ ஹனாயோ அம்மாவே வந்து நின்னாங்க. தரையில கிடக்கிறவளைப் பாத்தாங்க. கண்ணாடியைப் பாத்தாங்க. இடுப்பு வரைக்கும் குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சாங்க. இவ படபடன்னு எந்திரிச்சு, இவளும் குனிஞ்சா. அவங்க திரும்பக் குனிஞ்சாங்க. பெரியவங்க குனியும்போது நாம நிமிந்து நிக்கலாமான்னு இவளும் திரும்பக் குனிஞ்சா. அவங்க ஊர்ல கடைசியா குனியறது யாருன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? இப்படியே ஏழெட்டுத் தடவை. கடைசியில தலையும் தலையும் 'டொக்'னு முட்டிக்கிச்சு. அதோட விட்டுது.

மூணாவது, உண்மையைச் சொல்லிடலாம்னு சாரைத் தேடிப் போனா. அவர் படத்துக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டு, கையில பேப்பரை வச்சுப் பேச்சு ஒத்திகை பாத்துட்டிருக்கார்.

"சார், அந்தப் படத்துல..."

"பாத்தியா? நீயும் கவனிச்சுட்டியா? என்ன சிவப்பு! என்ன சூரியன்! இவ்வளவு நாளா என் கண்ணுல படலையே!"

"சார், அது வந்து..."

"உனக்கு என்ன தெரியும் கலையைப் பத்தி? போ, போய் நாற்காலியைத் துடை." அப்படின்னுட்டு, பேப்பர்ல 'சூரியன்'னு பெருசா எழுதிக்கிட்டார். ம் எங்க?

"ம்... அப்புறம்?"

அப்புறம் கார் வந்துச்சு, பூமாலை வந்துச்சு, போட்டோக்காரங்க வந்தாங்க, கலெக்டரம்மா வந்தாங்க. படத்துக்கு முன்னாடி கூட்டம் நிக்குது. சார் தொண்டையைக் கனைச்சுக்கிட்டார். "முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி ஜப்பான் ஓவியன் தீட்டிய அந்தச் செங்கதிர்ச் சூரியனைப் பாருங்கள்! இன்னும் சாயம் போகவில்லை!" படபடபடன்னு கைதட்டல். கலெக்டரம்மாவும், "ஆமா, அந்தச் சூரியன்தான் படத்துக்கே உயிர்"னாங்க. போட்டோக்காரங்க 'பளிச் பளிச்'.

ஹாலுக்குள்ள ஏசி ஜில்லுன்னு ஓடுது. ஈரச் சந்தனம் என்ன பண்ணும்? காஞ்சுது. காஞ்சு வெடிச்சுது. ஓரம் எழும்புச்சு. தங்கபுஷ்பம் கண்ணு அதுலயே இருக்கு. 'விழாதேடி தாயி, அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ'ன்னு உள்ளுக்குள்ள கெஞ்சுறா.

பொத்!

சூரியன் விழுந்துடுச்சு.

ஞானதிரவியம் சார் அப்படியே தரையில உக்காந்துட்டார். கலெக்டரம்மா, "என்ன ஞானதிரவியம் இது?"ன்னு கேட்டாங்க. மனுஷன் பயத்துல என்ன சொல்றோம்னு தெரியாம, "மட்டமான சாயம் மேடம்! ஜப்பான்காரங்க நம்மளை ஏமாத்திட்டாங்க!"ன்னுட்டார். கலெக்டரம்மா முகம் சிவந்து போச்சு. "அப்போ விழா வேண்டாம். பெட்டியைக் கட்டுங்க. ஜப்பானுக்கு லெட்டர் போடுங்க."

தங்கபுஷ்பம் நினைச்சுப் பாத்தா. வாயை மூடிக்கிட்டு நின்னா அவ மேல ஒரு பழியும் இல்ல. பதினோரு வருஷம் காத்திருந்தது இன்னைக்கு இல்லன்னா நாளைக்குக் கிடைக்கும். ஆனா அந்தக் கொக்கை வரைஞ்ச மனுஷன் செத்து முன்னூறு வருஷம் ஆச்சு. மட்டமான சாயம்னா, அவர் எந்திரிச்சு வந்து பதில் சொல்லவா முடியும்? ஹனாயோ அம்மாவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. இவ கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு முன்னாடி வந்தா.

"அம்மா, அது சூரியன் இல்லீங்கம்மா. நான் வச்ச பொட்டு. ஆயுத பூஜைப் பொட்டு. சார் வேண்டாம்னுதான் சொன்னார், நான்தான் கேக்கல. படத்து மேல ஒரு குறையும் இல்லம்மா. அந்த ஓவியரைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க."

சார் தலையில கையை வச்சுக்கிட்டார். ஹனாயோ அம்மா மெல்ல நடந்து போய், 'டிக்'னு ஸ்விட்சை அணைச்சு, கயித்தைத் தாண்டி, விழுந்த சந்தனத் துண்டைக் கைக்குட்டையில எடுத்தாங்க.

"நான் காலையிலேயே கண்டேன்,"ன்னாங்க.

"கண்டீங்களா?"ன்னாங்க கலெக்டரம்மா. "பின்ன ஏன் துடைக்கல?"

"மாசு காணின் திரும்பிச் செல்வேன் என்றேன். இது மாசு அன்று. இப்படத்துடன் பதினான்கு நாடுகளுக்குச் சென்றுள்ளேன். எல்லோரும் படம் பிடித்தனர். எவரும் கைகூப்பவில்லை. துடைக்க எனக்கு மனம் வரவில்லை."

"சரி, நாங்க சூரியன் சூரியன்னு பேசினப்போவாவது சொல்லியிருக்கலாமே?"

ஹனாயோ அம்மா குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சாங்க. "தாங்கள் அத்துணை மகிழ்ச்சியோடு பேசினீர்கள். குறுக்கிடுவது பண்பன்று."

கலெக்டரம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க. தோள் குலுங்குச்சு. அப்புறம் அடக்க முடியாம 'குபீர்'னு சிரிச்சாங்க பாரு! கூட்டமே சிரிச்சுது. தரையில உக்காந்திருந்த சார் மட்டும் சிரிக்கலாமா கூடாதான்னு முழிச்சார்.

"ஞானதிரவியம், எந்திரிங்க. சூரியனைப் புகழ்ந்தது நீங்களும் நானும். அது பொட்டுன்னு சொன்னது இவ ஒருத்திதான். பழைய சாமானைப் பாத்துக்கிறதுக்கு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தரை நம்புறதா, இவளை நம்புறதா? இவளைப் பெர்மனன்ட் பண்ண ஒரு ஃபைல் கொண்டு வந்தீங்களே, அதை எடுங்க."

அங்கயே, ஒரு போலீஸ்காரர் முதுகுல வச்சு, 'சரக்'னு கையெழுத்துப் போட்டாங்க. தங்கபுஷ்பம் ஓன்னு அழுதுட்டா. பதினோரு வருஷத்து அழுகை, சும்மா நிக்குமா? கூட்டம் கலையுற வரைக்கும் அழுதா.

கதை அதோட நின்னுச்சா? இல்லையே! மறுநாள் பேப்பர்ல பெரிய போட்டோ, பொட்டு விழறதுக்கு முன்னாடியே எடுத்து அனுப்பினது: 'சாயம் போகாத ஜப்பான் சூரியன்'. அவ்வளவுதான், ஊரே திரண்டுடுச்சு. பஸ்ஸைப் பிடிச்சு வர்றாங்க, ஆட்டோவுல வர்றாங்க, சோத்துப் பொட்டலம் கட்டிக்கிட்டு வர்றாங்க. வந்து நின்னு, எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. "சூரியன் எங்க? போட்டோவுல இருந்துச்சே, சூரியன் எங்க?"

தங்கபுஷ்பம் இப்போ பெர்மனன்ட் ஆச்சே. வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு, "எனக்கு என்ன தெரியும் கலையைப் பத்தி? உள்ள சாரைக் கேளுங்க"ன்னுட்டா. சார்தான் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும், கயித்துப் பக்கத்துல கால் கடுக்க நின்னுக்கிட்டு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பதில் சொல்றார்: "அஸ்தமிச்சுடுச்சு. நகருங்க. அஸ்தமிச்சுடுச்சு. நகருங்க."

ம் சத்தமே காணோமே? சரி, சூரியனும் இறங்கியாச்சு, கதையும் இறங்கியாச்சு. நீயும் கண்ணை மூடி, நகர்ந்து படு.