சாளைக் குழம்புக்கு வந்த காற்று

அந்தக் காலத்தில், நண்டும் காற்றும் மனிதரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, இன்று ஒரு முழு மாவட்டமாக இருக்கிறதே, அந்த நீளமான கிழக்குக் கடலோரம் முழுவதற்கும் ஒரே ஒரு குடிசைதான் இருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கும். கடலில் மீன் கொள்ளையாகக் கிடந்தும் கரையில் ஓர் ஆளும் தங்கவில்லை. குடிசைக்காரி வடிவாச்சிக்கு மட்டும் கடலைப் பார்க்காமல் சோறு இறங்காது. அவள் கணவன் சங்குமணிக்கோ பொறுமை போய்விட்டது.

“நாளைக்கு மத்தியானம் மூட்டையத் தூக்குறோம். மேற்க போயி மரநிழல்ல கிடப்போம்” என்றான்.

வடிவாச்சிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மாங்காய் நறுக்கிப் போட்டுச் சாளைமீன் குழம்பு வைத்தாள். வாசலில் காவல் கிடந்த நண்டுக்கு மனசு கேட்கவில்லை.

“யக்கா, நடுக்கடல்ல கொண்டல்னு ஒரு காத்து சும்மா படுத்துக் கெடக்கான். சாப்பிடக் கூப்பிடட்டுமா? ஆனா ஒரு எடத்துக்கு ரெண்டாந்தரம் போகாத சோம்பேறி.”

“ஒருதரம் வரட்டும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

கொண்டல் வந்தான். குடிசை குளுகுளுவென்று ஆனது. சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி, “போறேன்க்கா” என்று எழுந்தான்.

வடிவாச்சி அகப்பையோடு வாசலை மறித்தாள். “எங்க வீட்டுல சாப்பிட்டவுக யாரும் ‘போறேன்’னு சொல்ல மாட்டாக. செத்தவுகதான் போவாக. ‘போயிட்டு வாரேன்’னு சொல்லு. இல்லாட்டி இங்கனயே கெட.”

“இதென்ன பெரிய காரியம்! போயிட்டு வாரேன்க்கா.” சிரித்தபடி கடலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மூட்டை முடிச்சு தயார். “கொழம்ப எறக்கிட்டுக் கெளம்பலாம்” என்று வடிவாச்சி அடுப்பை விட்டு நகரவில்லை. குழம்பு கொதித்தது, சுண்டியது, அடிப்பிடிக்கவும் தொடங்கியது. சங்குமணி மூட்டையைத் தலையில் ஏற்றினான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

நடுக்கடலிலோ கொண்டலுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சோம்பேறிதான், ஆனாலும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவன் இல்லை. ‘வாரேன்னு சொல்லித் தொலைச்சோமே’ என்று முனகிக்கொண்டே எழுந்து கரைக்கு வந்தான். சங்குமணியின் தலையிலிருந்த மூட்டை எகிறி மணலில் விழுந்தது.

“யக்கா, இன்னைக்கும் மாங்கா போட்டியா?” என்று கொண்டல் கேட்டான்.

மூட்டையை எடுக்கக் குனிந்த சங்குமணி, அந்தக் குளிர்ச்சியில் அப்படியே கால் நீட்டிப் படுத்துவிட்டான். வடிவாச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதன்பிறகு தினமும் அவன் சாப்பிட வருவதும், அவள் அகப்பையோடு மறிப்பதும் வழக்கமாயிற்று. மேற்கிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்களையும் அவள் அப்படியே சொல்லவைத்துத்தான் அனுப்பினாள். அவர்களும் சொன்ன சொல் தவறாமல் பிள்ளைகுட்டி, ஆடு மாடு, மாமியார் சகிதம் திரும்பி வந்தார்கள். ஊருக்குப் பக்கத்தில் ஊர் முளைத்தது. படுக்க இடமில்லாத நண்டு, “எனக்கு வேணும், நல்லா வேணும்” என்று புலம்பியபடி மணலுக்குள் வளை தோண்டியது.

அன்று முதல்தான் உச்சி வெயில் சாய்ந்ததும் கடற்காற்று கரையேறி வருகிறது. கடலோரத்தில் கால் வைக்க இடமில்லாமல் சனம் பெருகிக் கிடப்பதும் அன்று முதல்தான். அத்தனை சனத்தில் ஒருவர்கூட, பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினாலும், “போறேன்” என்று சொல்வதில்லை.