கரிமூட்டத்தை விட்ட கொண்டையன்

மலையடிவாரக் காட்டில் ஒரு பெரிய நாவல் மரம். அதன் உச்சிக் கிளையில் உட்கார்ந்து காவல் பார்ப்பது கொண்டையன் என்ற குரங்கின் வேலை. மரத்தடியில் புள்ளிமான் கூட்டம் மேயும். குரங்குக்குக் கண் கூர்மை, மானுக்கு மூக்கு கூர்மை. சிறுத்தை தலையைக் காட்டினால் கொண்டையன் மேலிருந்து கத்துவான். சிறுத்தை வாடை காற்றில் வந்தால் மான்கள் கீழிருந்து கத்தும். இப்படி ஒருவரை நம்பி ஒருவர் பிழைத்து வந்தார்கள்.

காட்டோரத்தில் மனிதர்கள் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். விறகை அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, உள்ளுக்குள்ளேயே கனிந்து கரியாக விடுவார்கள். பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளைகளில் புகை கசியும். ஒரு பனிக்காலத்தில் குளிர் காயப் போன கொண்டையன், சும்மா இருக்காமல் ஒரு துளையில் மூக்கை வைத்து இழுத்தான். தலை கிறுகிறுத்தது, சுகமாகவும் இருந்தது. அவ்வளவுதான், சனியன் பிடித்துக்கொண்டது! அதற்குப் பிறகு விடிந்ததும் அங்கே ஓடி நெஞ்சு நிறையப் புகையை ஏற்றிக்கொண்டு வந்தால்தான் அவனுக்குப் பொழுது நகரும். கூடவே ஓயாத இருமல்.

"அண்ணே, உங்க மேல அடிக்கிற கரிப்புகையில எங்க மூக்கே செத்துப்போகுது" என்றாள் மருதாயி. மான் கூட்டத்தை நடத்திப் போகிறவள் அவள்.

"உங்க மூக்கு செத்தா என்ன, என் கண்ணு இருக்கில்ல?" என்று கொண்டையன் கெத்தாகச் சொன்னான்.

கண் இருந்தது வாஸ்தவம்தான். ஒருநாள் மத்தியானம் புதருக்குள் பதுங்கி வந்த சிறுத்தையை அந்தக் கண் பார்த்துவிட்டது. கொண்டையன் மூச்சை இழுத்துக் கத்தினான். வந்தது இருமல். மறுபடி கத்தினான். மறுபடியும் இருமல். அண்ணன் வழக்கம்போல இருமுகிறார் என்று மருதாயி தலையைக்கூடத் தூக்காமல் மேய்ந்தாள். சிறுத்தை பாய்ந்துவிட்டது.

மருதாயியின் குட்டி மயிரிழையில் தப்பியது. பின்னங்காலில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. கொண்டையன் தடதடவென்று இறங்கி வந்தான்.

"நான் கத்தினேன் மருதாயி. குரல் வரல" என்றான்.

அவள் குட்டியின் காயத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"இனிமே அந்தக் கரிமூட்டத்துப் பக்கம் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மரமேறினான்.

சொல்வது சுலபம். மறுநாள் விடிந்ததும் கால் தானாக அந்தப் பக்கம் இழுத்தது. அவன் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கைக்கு வேலை இல்லாமல் இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். பக்கத்தில் வந்த அணில் மேல் எரிந்து விழுந்தான். இப்படியே நாலைந்து நாள் போனது. தூக்கமும் சரியில்லை. இதெல்லாம் போதாதென்று இருமல் முன்னைவிட அதிகமாகிவிட்டது. கறுப்புக் கறுப்பாகச் சளி வந்தது.

உள்ளே அடைந்து கிடந்த அழுக்கு வெளியேறுகிறது என்று அந்த மண்டைக்கு எட்டவில்லை. 'புகை குடிக்கும்போது இவ்வளவு இருமல் இல்லையே. அப்படியானால் புகைதானே எனக்கு மருந்து?' என்று கணக்குப் போட்டான். என்ன மூளை பாருங்கள்! போட்ட கணக்கு சரிதானா என்று பார்க்க நேராகக் கரிமூட்டத்துக்கே கிளம்பிவிட்டான்.

அங்கே பட்டையன் என்ற உடும்பு சூட்டுக்குப் படுத்திருந்தது. பழைய புகைக் கூட்டாளி.

"வா மாப்ளே! உன் துளை காலியாத்தான் இருக்கு. ஒரே ஒரு இழுப்பு இழு. யாருக்குத் தெரியப்போகுது?"

கொண்டையன் குனிந்தான். மூக்கு துளைக்குப் பக்கத்தில் போய்விட்டது. அப்போது பட்டையன் மேலிருந்து குப்பென்று ஒரு நாற்றம் அடித்தது. கொண்டையன் சட்டென்று பின்வாங்கினான்.

"ஏன் மாப்ளே, எப்பவும் இப்படித்தான் நாறுவியா?"

"நானா? நீயும்தான் நாறிக்கிட்டிருந்தே. அப்ப உன் மூக்குக்கு அது தெரியாது" என்று பட்டையன் சிரித்தது.

கொண்டையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துக் காற்று மாறியது. இனிப்பும் கிறக்கமுமாக ஏதோ ஒரு வாசம் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடினான். எதிர்ச்சரிவில் இலுப்பை பூத்திருந்தது. அந்தப் பூவைப் போன வருஷமும் தின்றான், அதற்கு முந்தின வருஷமும் தின்றான். வயிறு நிறைந்ததே தவிர, அதற்கு இப்படி ஒரு வாசம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. பள்ளத்தைத் தாண்டி, அத்தனை தூரம் கடந்து, அவன் மூக்கைத் தேடி அல்லவா வந்திருக்கிறது! அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"என்ன மாப்ளே, புகை கண்ணுல பட்டுச்சா?"

"இல்ல பட்டையா. நான் வரேன்" என்று திரும்பி நடந்தான்.

நாவல் மரத்தடியில் மருதாயி அவனை மோந்து பார்த்தாள். அவனுக்குப் பக்கென்றது. போய்வந்ததைக் கண்டுபிடித்துவிட்டாளோ?

"அண்ணே, உங்க மேல குரங்கு வாசம் வருது" என்றாள் அவள்.

"குரங்குகிட்ட வேற என்ன வாசம் வரும்?"

"இத்தனை நாள் வரலையே. கரிக்கட்டை வாசம்தானே வந்துச்சு. பெருமையா இருக்குண்ணே."

கொண்டையன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான். "நான் என்ன செஞ்சேன் மருதாயி? ஒண்ணும் செய்யாம சும்மா உக்காந்திருக்கேன். இதுல என்ன பெருமை?"

"கால் அங்க இழுக்குது, நீங்க இங்க உக்காந்திருக்கீங்க. கீழ இருந்து தினம் பாக்கிறேனே. கிளையே ஆடுது. அது சும்மா உக்காருறதா?"

அன்று அவன் அதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கிளையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

நாட்கள் போயின. ஒரு சாயங்காலம், காற்று எதிர்ப்பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. மான்களின் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. புல்லுக்குள் சிறுத்தை வயிற்றால் ஊர்ந்து வந்தது. மருதாயியின் குட்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாய்ச்சல் தூரம்தான். மேலே கொண்டையன் பார்த்துவிட்டான். குரல் வருமா, மறுபடியும் இருமல்தான் வருமா? யோசிக்க நேரமில்லை. வாயைத் திறந்தான்.

அந்தக் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. காடு அதிர்ந்தது. கொக்குகள் கூட்டமாக எழும்பின. எதிர்ப்பாறையில் மோதி அவன் குரல் அவனிடமே திரும்பி வந்தது. அடுத்த மலைச்சரிவில் ஒரு குரங்கு அதைக் கேட்டுப் பதில் கொடுத்தது. அதற்கப்பால் இன்னொன்று. கண்ணுக்கெட்டாத காடு வரைக்கும் அந்த எச்சரிக்கை கைமாறிக்கொண்டே போனது. மான்கள் எப்போதோ பறந்துவிட்டன. தன்னை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்த சிறுத்தை, நிமிர்ந்து நின்று அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது.

கொண்டையன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். இந்தச் சின்னக் கூட்டுக்குள்ளா இவ்வளவு பெரிய குரல் இருந்தது? அவனால் நம்பவே முடியவில்லை. மூச்சை மெதுவாக இழுத்தான். அது தடையில்லாமல் அடிவயிறு வரை இறங்கியது.

மறுநாள் விடிந்தது. காட்டோரத்தில் அதே புகை எழுந்தது. கால் அந்தப் பக்கம் இழுத்தது. ஆமாம், அப்போதும் இழுக்கத்தான் செய்தது. கொண்டையன் உச்சிக் கிளையில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மருதாயி! இன்னைக்கும் நான் போகல!" என்று காடே கேட்கும்படி கத்தினான்.

கீழே மான்கள் எல்லாம் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தன.

கெட்ட பழக்கத்தை விட்டவனுக்கு அதைத் தொடாமல் கழிக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு வெற்றிதான்; அதை வெற்றி என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிறவனுக்கே அடுத்த நாளையும் வெல்லத் தெம்பு கிடைக்கும்.